ஜனவரியில் வாருங்கள்

எங்கள் கடற்கரை ஊரான புந்தா பர்தாவுக்கு யார் வந்து "இங்கே அலை எந்த மாசம் நல்லா இருக்கும்?" என்று கேட்டாலும் ஜனவரி என்றுதான் சொல்வோம். பஸ் ஓட்டுகிற ரிகோபெர்த்தோ சொல்வார். ரொட்டிக் கடைக்காரி சொல்வாள். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்திராத என் அம்மாவும் சொல்வாள். பச்சைப் பொய். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. ஊருக்கே தானாக வந்த புத்தி.

சிலியில் ஜனவரிதான் கோடை. தலைநகரிலிருந்து சாந்தியாகோக்காரர்கள் கார் மேல் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பத்து மணிக்கெல்லாம் தெற்குக் காற்று கிளம்பி அலையைக் குதறிப்போடும். அதே காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டு, அடியில் கிடக்கிற ஐஸ் தண்ணீரை மேலே கொண்டுவரும். தலைக்கு மேல் வெயில் பிளக்கும், கால் விறைக்கும். அவர்களும் சிவந்த காலோடு மணலில் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றுவிட்டு, விடுதியில் அம்மா துவைத்துப் போட்ட விரிப்பில் படுத்து எழுந்து, பிப்ரவரி முடியப் போய்விடுவார்கள்.

மார்ச்சில் காற்று அடங்கும். ஏப்ரலிலும் மேயிலும் தெற்கே எங்கோ புயல் அடிக்கும்; புயல் வராது, அதன் அலை மட்டும் எங்களிடம் வரும். காலையில் மலைப் பக்கத்துக் காற்று அந்த அலையின் முகத்தை நீவிவிடும். பாறை முனையில் அலை மேல் ஏறினால் படகுகள் இழுத்துப் போட்டிருக்கிற இடம் வரைக்கும் கால் நடுங்கும் அளவுக்கு நீளமாகப் போகலாம். ஜூனில் மழையும் வடக்குக் காற்றும் வந்துவிட்டால் கடல் ஒருத்தருக்கும் ஆகாது.

அந்த இரண்டு மாதம் எனக்கும் நயாரெத்துக்கும் சொந்தம். பக்கத்து வீடு, ஒரே வகுப்பு, இரண்டு பேருக்கும் சேர்த்து குளிர் தாங்க ஒரே ஒரு ரப்பர் சூட். யாரோ கோடைக்காரன் கிழிந்துவிட்டது என்று வீசிப்போனது. சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினோம். முதலில் இறங்குகிறவளுக்குக் காய்ந்த சூட். அடுத்தவளுக்கு ஈரம், ஆனால் வெதுவெதுப்பு. ஏனென்றால் முதலாமவள் உள்ளேயே ஒன்றுக்குப் போயிருப்பாள். "உனக்காகவே அடக்கி வெச்சிருந்தேன்டீ" என்று நயாரெத் கழற்றித் தருவாள். நாற்றமா? யாருக்கு நினைவு இருக்கிறது? காத்திருப்பவள் என் அப்பா காயவைத்த கடற்பாசிக் கட்டுகளுக்கு நடுவே பல் கிட்டிப்போய் உட்கார்ந்து, தண்ணீரில் இருப்பவளைத் தொண்டை கிழியத் திட்டுவாள். கடலில் வேறு ஒரு தலை தெரியாது.

பிறகு நான் படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கடலியல். "உங்க ஊருக்கு ஜனவரில வந்திருக்கேன், சுமார்தான்" என்று வகுப்பில் ஒருவன் உதட்டைப் பிதுக்கியபோது பொய் பலித்த சந்தோஷத்தில் எனக்குள் பட்டாசு வெடித்தது. சாந்தியாகோக்காரர்கள் எங்கள் ஊர் மேட்டு நிலத்தை வாங்கிக் கண்ணாடி வீடு கட்டினார்கள். பாறைக்குப் போகிற பாதையில் கேட் போட்டார்கள். மே மாதத்தைத் தூக்க மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் அலை நிலவரம் சொல்கிற இணையதளம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு கடற்கரைக்கும் எந்தப் பருவத்தில் அலை எப்படி என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "உன் ஊர்தானே, நீயே எழுது" என்றார்கள். மடிக்கணினியோடு மே மாதம் ஊருக்கு வந்தேன். ஜனவரி என்று எழுதுவதாக பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நயாரெத் இப்போது கடற்கரையில் ஒரு கொட்டகை போட்டு சூட்டும் பலகையும் வாடகைக்கு விடுகிறாள்.

"வாங்க பட்டதாரி அம்மா. நம்ம ஊருக்கு என்ன எழுதப் போறீங்க?"

"வேறென்ன, ஜனவரி."

அவள் சிரிக்கவில்லை. "மேன்னு எழுது."

"பைத்தியமாடீ உனக்கு?"

"இந்த சூட்டையெல்லாம் மோந்து பாரு. மார்ச்சுலேருந்து பூசணம் பூக்குது. ரெண்டு மாசம் சம்பாதிச்சு வருஷம் பூரா திங்க முடியுமா? ஏப்ரல் பூரா தொழிற்சாலைல மட்டி உடைச்சேன். கையைப் பாரு."

பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெட்டு.

"அவனுங்க வந்தா நமக்கு அலை மிஞ்சாது நயா."

"நமக்குன்னா யாருக்கு? நீ வருஷத்துக்கு ஒரு வாரம் வர்ற. வந்து பாத்து மூக்கைச் சிந்திட்டுப் போறதுக்கு உனக்குக் கடல் காலியா இருக்கணும். நான் இங்கேயே கெடக்கேன்டீ."

"அப்பல்லாம் ஒரே சூட்டுல எப்படி இருந்தோம்!"

"குளிருல செத்தோம். உனக்கு இப்ப சொந்தமா சூட் இருக்கு, அதனால அது அழகாத் தெரியுது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப கண்ணாடி வீட்டுக்காரனுக்கு மேயையும் தூக்கிக் குடுத்துடலாம்ங்கிற."

"குடுக்கல. வாடகைக்கு விடறேன்."

அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து எழுதினேன். கோபத்தில் தட்டிய தட்டில் விசைப்பலகை உடைந்திருக்கும். ஏப்ரல், மே சிறந்த காலம். காலையில் நிலக்காற்று. பாறை முனையிலிருந்து இடப்பக்கமாக உடைந்து வரும் நீண்ட அலை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"தண்ணி உயிரை எடுக்கும்னு போடு. தடிச்ச சூட் இல்லாம இறங்காதீங்கன்னு போடு. இங்கயே கெடைக்கும்னும் போடு."

"விளம்பரம் போடக் கூடாதுடீ."

"கடலியல் படிச்சவதானே? அறிவியலா சொல்லு."

சிரித்துத் தொலைத்தேன். அனுப்பியும் தொலைத்தேன்.

பக்கம் வெளியானது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை காற்று சரியாக இருந்தது. அலை ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. "வாடீ, ரெண்டு பேரும் இறங்கலாம்" என்றேன். சூட்டுகளை உதறி வெளியே கொடியில் மாட்டிக்கொண்டிருந்தவள், "நீ போ, எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

பலகையில் படுத்துக் கையாலேயே துடுப்புப் போட்டுத் தனியாகப் போனேன். நெற்றி வலிக்கும் குளிர். பாறை முனையில் அலை மேல் ஏறி, படகுகள் வரைக்கும் ஒரே மூச்சில் வந்தேன். அவ்வளவு நல்ல அலை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. பக்கத்தில் ஒரு தலைகூட இல்லை. அவள் என்ன திட்டுவாள் என்று கேட்கத்தான் கரையைப் பார்த்தேன்.

நயாரெத் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து, ஏதாவது கார் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.