சொக்கப்பன் ஏறாத லாரி

சொக்கப்பச் செட்டியார் வாயைத் திறந்தால் சாவுதான். ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து, மலாக்காவில் எங்கள் காஜா பெராங் அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஊர்க்காரர்கள் பேச உட்கார்ந்தால், முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். அரிசி வராது, மருந்து வராது, மலாக்காவே சுடுகாடாகும் என்பார். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சனங்களோ வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை, வயிறாரச் சோறு என்று பேச்சு. ஆனால் முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. போன வெள்ளிக்கிழமை செட்டியார் புலம்பிய புலம்பலில், எங்கள் தெரு சீதாவின் புருஷன் மறுநாளே ஆள் ஏற்றும் லாரியில் ஏறிவிட்டான். இந்த வாரம் மாட்டு வண்டி ஓட்டும் நல்லையாவின் முறை. அவன் மனைவி கோகிலா நிறைமாதக்காரி. போகவேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சியும் பார்த்தாள். "செட்டியார் பொய்யா சொல்றாரு?" என்று கேட்டானாம் அந்த மடையன்.

அன்றைக்கும் செட்டியார் மாரில் அடித்துக்கொண்டார்.

"மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காது! பெத்த பிள்ளையப் புதைக்க ஆள் இருக்காது!"

ஆள் எடுக்கும் கிராணி கலியாணசுந்தரம் பெயர் எழுதும் நோட்டோடு கோவில் வாசலிலேயே நின்றார். நல்லையா எழுந்து அவரிடம் நடந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமே இல்லை.

"செட்டியாரே, இங்க இருந்தா சாவுதானே?"

"அதுல என்ன சந்தேகம் ஆத்தா?"

"அப்ப நீங்களும் லாரி ஏறுங்க. அங்கதான் சோறு போடறாங்களாமே. எங்க வீட்டுக்காரருக்கும் துணையா இருக்கும்."

"நானா? எனக்கு இங்க கடை இருக்குல்ல?"

"சுடுகாட்டுல எதுக்குக் கடை?"

"அப்படிக் கேளு லா!" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. "செட்டியார் பேரையும் எழுதிக்கவா?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

செட்டியார் அவசரமாக இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"அட, அவ்வளவு மோசமில்லப்பா. தெங்கேராவுல அரிசி வந்து இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. புக்கிட் பாரு பக்கம் நிலம் சும்மா கிடக்கு, கிழங்கு நட்டாப் பிழைச்சுக்கலாம். கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும்."

நல்லையா அவரை முறைத்துப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தான். கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அவளுக்குப் பின்னால் சீதா எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"இந்த வார்த்தையப் போன வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரரும் இங்க உக்காந்திருப்பாரே, செட்டியாரே."