மணிக்கு நான்கு கிலோமீட்டர்

மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர் பலகையில் குழாய்க் கணக்கைப் போட்டு முடித்த அன்று, எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டிக்கு இரண்டாவதாக ஒரு குழாய் முளைத்தது. ஒன்று நான்கு மணி நேரத்தில் நிரப்ப, மற்றொன்று ஆறு மணி நேரத்தில் காலி செய்ய, தொட்டி சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியது. நிரப்புகிற தண்ணீரை எதற்காகத் திறந்து விடுகிறார்கள் என்று பிளம்பர் மட்டும் கேட்டார். பாடப் புத்தகம் எழுதுகிறவர்களிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

அடுத்தது வெள்ளையடிப்பு. ஆறு பேர் எட்டு நாளில் செய்கிற வேலையை நாற்பத்தெட்டுப் பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று டீச்சர் எழுத, காலையில் நாற்பத்தெட்டுப் பேர் ஏணியோடு படிக்கட்டில் நின்றார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஒரே நாளில் முடித்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இதைப் பார்த்துக் கீழ்வீட்டு ரிட்டயர்டு தபால்காரருக்கும் ஆசை வந்தது. 'மூட்டுவலி, விடை: பூஜ்யம்' என்று சுவரில் எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார். "ஸ்டெப் எங்க சார்?" என்றாராம் டீச்சர். கொடுக்கப்பட்டவை, காண வேண்டியது, வழிமுறை, விடை என நான்கும் வரிசையாக வந்தால்தான் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கும்.

டீச்சரின் வீட்டுக்காரர் கிளம்பிப் போனதும் அதனால்தான். மின்விசிறி ரிப்பேர் செய்கிற மனிதர். வாயைத் திறந்தால் விடை மட்டும்தான் வரும். "சாப்பாடு வேணாம்" என்பார். ஏன் வேண்டாம், எங்கே சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று டீச்சர் வரிவரியாகக் கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் "நான் போறேன்" என்றார். அதற்கும் வழிமுறை கேட்கப்பட்டது. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த அக்கா வீட்டோடு தங்கிவிட்டார். டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் இரண்டு தட்டு கழுவியது பக்கத்து வீட்டுக்குத் தெரியாதா என்ன.

எதிர்வீட்டு நர்ஸ்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "ஊருக்கெல்லாம் போடறீங்க. உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டா என்னக்கா? பஸ்ல வர்ற மாதிரி போடுங்க, சீக்கிரம் வருவாரு."

"நடந்தே வரட்டும். யோசிக்க நேரம் வேணும்ல."

ஒருவர் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். நூற்றிருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் வீட்டை எப்போது அடைவார்? முப்பது மணி நேரம். மறுநாள் பகல் பன்னிரண்டு. அங்கே அவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து நடந்ததாக அவர் அக்கா போனில் புலம்பினாள்.

பன்னிரண்டடிக்கும்போது பால்கனி எல்லாம் தலையாக இருந்தது. வந்தார். டீச்சர் புதுப் புடவையில் கீழே கட்டட வாசலில் நின்றார். மனிதர் அவரைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தார், அப்படியே தாண்டிப் போய்விட்டார். "நிக்க முடியலடி" என்ற குரல் மட்டும் தெருமுனையிலிருந்து வந்தது. அடைவார் என்றுதானே கணக்கில் இருந்தது, நிற்பார் என்று எங்கே இருந்தது? எங்கள் தெரு கட்டடத்தையே வட்டமாகச் சுற்றி வருவது. நானூறு மீட்டர், ஆறு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் மறுபடி வந்தார், மறுபடி போனார்.

அவரை நிறுத்துகிற மாதிரி ஒரு கணக்குப் போடச் சொல்லி எல்லோரும் நச்சரித்தார்கள். நிற்கிறவரின் வேகம் பூஜ்யம். தூரத்தை அதைக்கொண்டு வகுக்க வேண்டிவரும். "புருஷனுக்காகக்கூட பூஜ்யத்தால வகுக்க மாட்டேன்" என்றார் டீச்சர். ஒரு வாரம் வாசலில் நின்று, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வார்த்தை பேசிப் பார்த்தார். பிறகு பலகையைத் துடைத்து, ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரே திசையில் ஒரே வேகத்தில் நடக்கும் இருவருக்கிடையே இடைவெளி எவ்வளவு என்று எழுதினார். விடையை எழுதி அடிக்கோடு போட்டார், செருப்பை மாட்டினார், அடுத்த சுற்றில் அவரோடு சேர்ந்துகொண்டார்.

"ஏன் போனீங்க?"

"சும்மாதான்."

"ஸ்டெப்."

ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மனிதர் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். சொல்லி முடிக்கப் பதினோரு சுற்று ஆனது. அன்றிலிருந்து டியூஷன் விட்டதும் டீச்சர் இறங்கி வந்துவிடுகிறார். அந்த மனிதர் எப்போது தூங்குகிறார் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பதுண்டு. கணக்கில் தூக்கம் இல்லை, ஆள் இளைக்கவும் இல்லை. சாயங்காலம் நர்ஸ் வாசலில் இரண்டு டம்ளர் டீ நீட்டுவாள். காலி டம்ளர் ஆறு நிமிடத்தில் திரும்பி வரும்.