கலக்கலும் குலுக்கலும்

ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்த ஹோட்டலின் பாரில் மாமனும் மச்சினனும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மூத்தவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கலக்கல். எந்தக் காக்டெயிலையும் நீளக் கரண்டியால் நிதானமாகக் கலக்கித்தான் கொடுப்பார். குலுக்கினால் சரக்கு கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. இளையவன் அவர் மனைவியின் தம்பி. முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவன். ஷேக்கரைக் காதோரம் வைத்து உலுக்காமல் எலுமிச்சைச் சாறுகூடத் தர மாட்டான். அதனால் அவன் குலுக்கல். அக்கா வீட்டு மாடியில்தான் அவன் ஜாகை.

ஒரு மத்தியானம் முதலாளியம்மா மெனு அட்டையை இருவர் முன்னாலும் போட்டாள்.

"இது மெனுவா, சலவைக்குப் போட்ட மூட்டையா? ஐஸ் போட்டதுக்குப் பக்கத்துல ஆவி பறக்கிறது இருக்கு. ரெண்டு பேரும் உட்கார்ந்து வகை பிரிச்சுக் குடுங்க."

"இதுல என்னம்மா இருக்கு?" என்றார் கலக்கல். "ரம் விட்டதெல்லாம் ரம் குடும்பம். ஜின் விட்டதெல்லாம் ஜின் குடும்பம். தாய் யாருன்னு பார்த்தா வேலை முடிஞ்சுது."

"தாயை யாரு மாமா விசாரிக்கிறாங்க? வர்றவங்க கேக்கிறது, உயரமா ஜில்லுன்னு ஒண்ணு, சின்னதா சுருக்குன்னு ஒண்ணு. எந்த கிளாஸ்ல குடியிருக்கோ அதான் குடும்பம்."

"குடியிருந்தா குடும்பமா? அப்ப என் மாடியில குடியிருக்கிற நீ என் குடும்பமா?"

சொன்ன வேகத்திலேயே கலக்கலுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கடிக்கவில்லை. வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார் அல்லவா? குலுக்கல் ஒரு காலி ஷேக்கரைக் கொஞ்ச நேரம் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை கலக்கலின் மனைவி கணவருக்கு முன்னால் பச்சை நிறக் குளியலறை மக் ஒன்றை வைத்தாள். உள்ளே காப்பி.

"என்னடி இது?"

"காப்பிதான். தாய் முக்கியம், பாத்திரம் முக்கியமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? குடிங்க."

தம்பிக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை வந்தது. அவன் பெருமையாக மாமாவைப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினான். காலி.

"உனக்குக் கோப்பைதானே குடும்பம்? வச்சுக்கோ."

இருவரும் அப்படியே எழுந்து வேலைக்குப் போனார்கள். அங்கேயாவது சமாதானம் ஆனார்களா என்றால் இல்லை. காலையில் கலக்கல் பாட்டில்களைத் தன் வகைப்படி அடுக்குவார். சாயங்காலம் குலுக்கல் அத்தனையையும் கலைத்து, உயரக் கிளாஸ் சாமான் ஒரு பக்கம், குட்டைக் கிளாஸ் சாமான் ஒரு பக்கம் என்று மாற்றுவான். பாட்டில்கள் பாவம், வாடகை வீட்டுக்காரர்களைப் போல இடம் மாறிக்கொண்டே இருந்தன.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் ரயில் ரத்தானது. அதில் போக இருந்த கால்பந்து நடுவர் கூட்டம் ஒன்று பயிற்சி முகாம் முடிந்த களைப்போடு பாருக்குள் நுழைந்தது. கழுத்தில் விசில், சட்டைப் பையில் அட்டைகள். அவர்களில் தலைமை நடுவர், அடர்ந்த மீசைக்காரர், கவுண்டரில் கையை ஊன்றி, "ரம்ல உயரமா ஒண்ணு" என்றார்.

வந்தது வினை. கலக்கல் காதில் 'ரம்' விழுந்தது. குலுக்கல் காதில் 'உயரமா' விழுந்தது.

"பார்த்தியா, முதல்ல ரம்முன்னுதான் சொன்னார்."

"உயரமான்னு அழுத்திச் சொன்னார் மாமா!"

"சார், நீங்க நடுவர்தானே? நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார் கலக்கல்.

நடுவர்களுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் உண்டா? நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வழக்கை விசாரித்தார்கள். கோட்டோர நடுவர்கள் பையிலிருந்து கொடிகளை எடுத்து ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். கடைசியில் தலைமை நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளாஸ் கட்சிக்கே வெற்றி என்று அறிவித்தார்.

"யோவ், உங்களுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டுவிட்டார் கலக்கல்.

ஆயுசு முழுக்க அந்த ஒரு கேள்வியை மட்டுமே காதில் வாங்கி நொந்தவர்கள் நடுவர்கள். மீசைக்காரர் மெதுவாக எழுந்து, கையை உச்சிக்குத் தூக்கி, சிவப்பு அட்டையைக் காட்டினார்.

கலக்கல் இளமையில் பந்தாடியவர். சிவப்பு அட்டைக்கு மறுபேச்சு இல்லை என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். தாழ்வாரத்தில் அழுக்குத் துண்டுகளை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான், தான் வேலை பார்க்கும் பாரிலிருந்து தன்னை ஒரு நடுவர் எப்படித் துரத்த முடியும் என்று உறைத்தது. ஆனால் அதற்குள் நின்றாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து குலுக்கலின் வியர்த்த முகம் எட்டிப் பார்த்தது. அன்று மாற்றி அடுக்குவதற்குள் கூட்டம் வந்துவிட்டதால் அலமாரி கலக்கலின் அடுக்கிலேயே இருந்தது. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"மாப்ள," என்றார் கலக்கல். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. வாய் தவறி..."

"அதை அப்புறம் அழலாம் மாமா. ஒருத்தர் ஜின் கேக்கிறார், எங்க இருக்கு? உள்ள வாங்க!"

"வர முடியாதுடா. அட்டை."

"அப்ப வாசல்ல நின்னாவது சொல்லுங்க!"

கலக்கல் கால் விரல் நுனி வாசல்படியைத் தாண்டாமல் நின்று கத்தினார்: "ரெண்டாவது தட்டு, இடது கோடி!"

"யாருக்கு இடது? உங்களுக்கா, எனக்கா?"

"எனக்கு!"

"ஐயோ, எனக்குன்னு நினைச்சு ரம்மை ஊத்திட்டேன். இந்தாங்க, ஜின்னும் ஊத்திட்டேன்!"

"கொட்டாதே! எலுமிச்சை பிழி. இஞ்சிச் சாறு விடு."

"கலக்கவா, குலுக்கவா?"

கலக்கல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "குலுக்கு," என்றார் ஈன சுரத்தில். "குலுக்கிட்டு, அப்புறம் கலக்கு."

கிளாஸெல்லாம் கழுவப் போயிருந்ததால் குலுக்கல் அதை சூப் கப்பில் ஊற்றி நீட்டினான். மீசைக்காரர் முந்திக்கொண்டு அதை வாங்கி ஒரு வாய் குடித்தார். நுரை ஒட்டிய மீசையோடு விசிலை எடுத்து ஊதி, மைதானத்தில் நடுக்கோட்டைக் காட்டுவதுபோல் கையை நீட்டினார். கோல்! உடனே அத்தனை பேரும் சூப் கப்புக்குக் கை நீட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்தாள்.

"நீ ஏன் வெளியில நிக்கிற?"

"வெளியேத்திட்டாங்கம்மா."

"என் கடையில யாரு வெளியேத்தினது?"

"நடுவருதாம்மா. தீர்ப்பை எதிர்த்துப் பேசிட்டேன்."

அவள் உள்ளே போய் ஒரு பிடி பிடித்தாள். காட்டிய அட்டையைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை என்றார் மீசைக்காரர். ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டால் யாரும் உள்ளே வரலாமாம். "அப்ப முடிய்யா!" என்றாள். அவர் நீளமாக ஊதினார். கலக்கல் உள்ளே ஓடி வந்தார். குலுக்கல் அவருக்கு ஏப்ரனைக் கட்டிவிட்டான். கலக்கல் கண்ணீரைத் துடைப்பதற்குள் நாலு சூப் கப் ஆர்டர் வந்துவிட்டது.

புது மெனுவை முதலாளியம்மாவே அச்சடித்தாள். நேராகப் பிடித்தால் சரக்கு வாரியாக இருக்கும். தலைகீழாகப் பிடித்தால் கிளாஸ் வாரியாக இருக்கும். ரம்மும் ஜின்னும் கலந்து, குலுக்கிக் கலக்கி, சூப் கப்பில் வரும் அந்தப் பானத்துக்கு மட்டும் எந்தப் பக்கமும் இடம் கிடைக்காமல் நடுவில் குறுக்கே போட்டுவிட்டாள். அதைப் படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த கழுத்தைக் கண்டால் இருவரும் எதுவும் கேட்காமலே சூப் கப்பை எடுத்துவிடுவார்கள். போன வாரம் கழுத்துப் பிடிப்போடு வந்த ஒருவர், தண்ணீர் கேட்க வாயைத் திறப்பதற்குள் முன்னால் வந்துவிட்ட கப்பைக் காலி செய்துவிட்டு, வைத்தியரைவிட நீங்களே தேவலை என்று இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, அதே சாய்ந்த கழுத்தோடு பாடிக்கொண்டே போனார்.