கீழக்கரைக் கல்யாணத்துக்கு இரண்டு பேட்டரி

சண்முகவள்ளி கேமராவுக்குப் பேட்டரி வாங்கும் அழகைப் பார்த்தால், மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூடக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். கேமரா கம்பெனியின் சொந்தப் பேட்டரிக்குச் சென்னையில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் வேறு கம்பெனிப் பேட்டரிதான் வாங்குவது. அதிலும் கண்டதை வாங்க மாட்டாள். முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பாள். லேசாக இருந்தால் அப்போதே திருப்பி வைத்துவிடுவாள். மேலே அச்சடித்திருக்கும் சக்தி, ஒரிஜினலைப் போல இரண்டு மடங்கு என்று இருந்தால், பொய் சொல்லவும் ஒரு அளவு வேண்டாமா என்று சிரிப்பாள். கேமராவுக்குள் இடிக்காமல் இறங்க வேண்டும், இறங்கிய பிறகு ஆடக் கூடாது. இத்தனையும் தேறிய பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய், முழுக்க சார்ஜ் ஏற்றி, தீரும்வரை வேலியையும் கோழியையும் படம் எடுத்துத் தள்ளுவாள். மறுபடி ஏற்றிச் சில நாள் சும்மா போட்டுவைத்து, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்ப்பாள்.

இதற்கெல்லாம் ஈடுகொடுத்த ஒரே கடை, ராமநாதபுரம் பஜாரில் இருந்த மருதுபாண்டியின் கடை. முதலில் கொண்டுபோன இரண்டையும் அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒன்று சூடாகிறது, இன்னொன்று பாதியிலேயே படுத்துவிடுகிறது என்றாள். அவன் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டான். அதோடு விடாமல், அந்த ரகத்தையே அலமாரியிலிருந்து இறக்கிவிட்டான். அடுத்து அவன் தருவித்துக் கொடுத்த இரண்டும் எல்லாச் சோதனையிலும் தேறின.

பேட்டரி தேறியும், தன் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நின்றவன் மருதுபாண்டிதான். ஆவணியில் அவன் அம்மா இராமலட்சுமி வள்ளியின் ஊரான உத்தரகோசமங்கைக்கே வந்து பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் வள்ளி. அவளுடைய அய்யா பொன்னுச்சாமி வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் மகளை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. அம்மா பூமயில் அப்படி விடுகிற ஆளில்லை.

"ஏத்தா, அந்தப் பயலையும் சார்சு போட்டுத்தான் பாக்கப் போறியா?"

வள்ளிக்கு அப்போது தன் கல்யாணத்தைவிட வேறொரு கல்யாணம் பெரிதாகத் தெரிந்தது. கீழக்கரை நஃபீசாவின் மகள் சபியாவுக்கு நிக்காஹ்; படம் எடுக்க வள்ளியைக் கேட்டிருந்தார்கள். அங்கே பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோக்காரர் எட்டிப் பார்க்க முடியாது. பெண் ஒருத்திதான் எடுக்க வேண்டும் என்பதால் அதுவரை மதுரையிலிருந்து ஆள் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு கல்யாணம் நன்றாக அமைந்தால் ஊர் முழுக்க வள்ளியைத்தான் கூப்பிடும். சொதப்பினால் மறுபடி மதுரைதான். கேமராவோடு வந்த பேட்டரி பழசாகி, ஏற்றிய வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. புதிய இரண்டையும் நம்பித்தான் தைரியமாக ஒத்துக்கொண்டாள்.

அது நோன்புப் பெருநாளும் ஆயுத பூசையும் அடுத்தடுத்து வந்த 2008. கல்யாணத்துக்கு முதல் நாள் பூசை. அரிவாள், மண்வெட்டி, தண்ணீர் மோட்டார், தையல் மிஷின் என்று எதையும் பூமயில் விட்டுவைக்கவில்லை. வள்ளி முன்னதாகவே சார்ஜ் ஏற்றி முடித்து, பழைய பேட்டரி போட்டபடியே கேமராவையும், தனியாகப் புதிய பேட்டரி இரண்டையும் சாமி முன்னால் தாம்பாளத்தில் வைத்தாள். வைத்ததை மறுநாள் சூடம் காட்டிய பிறகுதான் தொட வேண்டும். காலையில் சூடம் காட்டியதும் கேமராவின் பொட்டைத் துடைத்து, எல்லாவற்றையும் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

கல்யாண வீட்டில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் உம்மா சபியாவுக்குத் தாலி போலக் கட்டும் கருகமணியைக் கட்ட வந்து உட்கார்ந்தபோது பழைய பேட்டரி தீர்ந்தது. வள்ளி அலட்டிக்கொள்ளாமல் புதியதை மாட்டினாள். கேமரா கண் திறக்கவில்லை. மற்றதையும் மாட்டினாள். அதற்கும் அசையவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "இவுக கேமராவுக்கு மட்டும் நோன்பு இன்னும் முடியலையோ?"

சிரிப்பு ஒரு சுற்று வந்தது. நஃபீசா வள்ளியின் காதோரம் குனிந்து, மாப்பிள்ளை வீட்டாரை ரொம்ப நேரம் காக்கவைக்க முடியாதும்மா என்றார். வள்ளி நடைக்கு வந்து மருதுபாண்டிக்குப் போன் போட்டாள்.

"நீங்க குடுத்த ரெண்டும் செத்துக் கெடக்கு."

என் சரக்கு அப்படி ஆகாதே என்று அவன் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"கடையில ரெண்டு ஏத்தித்தான் வச்சிருக்கேன். வண்டியில வாரேன்."

அவன் வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். கருகமணி அதுவரை காத்திருக்காது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வள்ளி நிதானமாக யோசித்தாள். இரண்டும் அவள் சோதித்து எடுத்தவை. ஒன்று கெடலாம், இரண்டும் ஒரே நாளில் கெடாது. பழையது மட்டும் எப்படி வேலை செய்தது? அது கேமராவுக்குள்ளே இருந்தது. இவை இரண்டும் தாம்பாளத்தில் இருந்தன.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பேட்டரியின் ஓரத்தில் மின்சாரம் ஏறி இறங்கும் பொன்னிறத் தகடுகள் இருக்கும் பள்ளமெல்லாம் சந்தனம் அடைத்துக் காய்ந்து கிடந்தது. பூமயில், பாவம், பேட்டரிக்கு முகம் எது என்று தேடியிருக்கிறார். பளபளப்பாக இருந்த பக்கம்தான் முகம் என்று முடிவு கட்டி, சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

மருதாணி வைத்துவிட வந்தவளிடம் ஈரம் படாத ஈர்க்குச்சி ஒன்றை வாங்கி, நுனியில் மெல்லிய துணி சுற்றி, பள்ளம் பள்ளமாகச் சுரண்டித் துடைத்தாள் வள்ளி. மாட்டினாள். கேமரா விழித்துக்கொண்டது.

"நோன்பு தொறந்தாச்சு லாத்தா. இனிமே கட்டச் சொல்லுங்க" என்றாள் நஃபீசாவைப் பார்த்து. இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. கருகமணி கழுத்தில் விழுந்த நொடி, சபியா தன் உம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வை, இரண்டையும் அவள் தவறவிடவில்லை. அடுத்த வாரம் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கும் நீதான் வர வேண்டும் என்று, நோன்பைச் சொல்லிக் கேலி செய்த அதே பெண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருதுபாண்டி தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வள்ளி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"ரெண்டுக்குமா வச்சாங்க?"

"குங்குமத்தோட. நான்தான் பாக்காம உங்க மேல பாஞ்சுட்டேன். ஏன் ஒரு வார்த்தை எதுத்துக் கேக்கல?"

"கல்யாணம் நடுவுல நிக்குது. காரணத்தை நாளைக்கிக்கூடக் கேட்டுக்கலாம்ல."



"அடுத்த வெள்ளிக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. அய்யாட்ட நான் சொல்லிவைக்கிறேன்."

அவன் வேகமாகத் தலையாட்டி, கொண்டுவந்த பேட்டரி இரண்டையும் நீட்டினான். வள்ளி அவற்றைக் கனம்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குத் திரும்பினாள்.