பதினொன்றாவது வரி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் பட்டியல் சரிபார்க்கும் வேலை. முப்பது வரியிலும் டிக் விழுந்திருந்தால் கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கட்டடத்தை யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. காலையில் டீ ஆறுவதற்குள் மேலிருந்து கீழே மடமடவென்று டிக் போட்டுவிட்டு, வேலையை அப்புறம் பார்த்துக்கொள்வார். அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டதுதான் என் தலைவலி.

வருஷா வருஷம் ஏசியைக் கோடைக்குத் தயார் செய்வது அவர் இலாகா. அதற்கென்று பதினேழு வரியில் ஒரு பட்டியல், லேமினேட் செய்த அட்டையில். பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா. ஃபில்டரைக் கழற்றிக் கழுவியது நான். உள்ளே ஒட்டடை அடித்தது நான். தண்ணீர் வடியும் குழாயில் ஊதி ஊதி அடைப்பெடுத்தது நான். டிக் மட்டும் அவர் போட்டார்.

இந்த வருஷம் விளையாட்டில்லை. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஓய்வு. "வெக்கை ஆகவே ஆகாது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் ஏசியைப் பற்றியே நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மொட்டைமாடியில இருக்கிற ஏசிப் பெட்டியோட உறைய எடுத்துட்டீங்களா?"

மழைக்காலத்துக்காகப் பழைய குடைத்துணியில் ஜிப் வைத்து நான்தான் அந்த உறையைத் தைத்திருந்தேன்.

"பதினொண்ணாவது வரி. டிக் இருக்கா இல்லையா?"

இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் அந்த டிக்கை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அப்பா உச்சி வெயிலில் வந்து இறங்கினார். ஏசியைப் போட்டோம். பத்து நிமிஷம் உறுமியது, வெதுவெதுவென்று ஊதியது, நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி நின்றது.

இவர் ஏசியைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். "பதினேழும் சரியா இருக்கே! அப்ப கரண்ட்டுலதான் கோளாறு." கொஞ்ச நேரத்தில் கோளாறு கம்பெனிக்காரன் மேல் போனது. பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த என் அப்பா மேல் வந்தது. கதவைத் திறக்காமல் மனுஷர் எப்படி வருவார்?

அப்பாவின் சட்டை ஆபரேஷன் ஆன நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பாவோ மேசையிலிருந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு, "மாப்பிள்ளை, இதுல நல்லா காத்து வருது" என்றார். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் சாயங்காலம்தான் வந்தார். நேரே மாடிக்குப் போனவர், இரண்டே நிமிஷத்தில் தோளில் குடைத்துணியோடு இறங்கி வந்தார்.

"யாரு மேடம் தச்சது? பிரமாதமான தையல். காத்து போக ஊசிமுனை இடமில்ல. மெஷின் மூச்சு முட்டி நின்னுருக்கு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"எடுக்கலாம்னுதான் டிக் போட்டேன்..."

அறை குளிர்ந்தது. அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார். இனி இவர் திருந்துவார் என்று நானும் நம்பினேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால், அட்டையின் அடியில் மார்க்கரால் புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார்: '18. எல்லாம் முடிந்ததா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்கவும்.' பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

"எப்பங்க கேட்டீங்க?"

"கேக்கத்தான் போறேன்."

அட்டையைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தேன். ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அப்பா அதை வாங்கித் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.