ஒரு நாள் முந்திப் பிறந்த சித்திரை

கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைகளில் மாவிலை கட்டியிருப்பதை லட்சுமிநாராயணன் பார்த்தார். பார்த்தும் மண்டையில் ஏதும் ஏறவில்லை. இடுப்பில் பணம் இருந்தது. மலையாளப் பஞ்சாங்கத்தில் இன்று மீனம் கடைசித் தேதி. பொழுது சாய்வதற்குள் அபயாம்பாளின் அட்டிகை அவள் கைக்குப் போய்விடும்.

அபயாம்பாள் அவர் தங்கை. பாலக்காட்டுக் கல்பாத்தியில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, புருஷனுக்குத் தெரியாமல் கழற்றிக் கொடுத்தாள். உள்ளூரில் வைத்தால் தெருவே பேசும் என்று இத்தனை தூரம் வந்து மாரப்பக் கவுண்டரிடம் அடகு வைத்தார். நாளை விடிந்தால் விஷு, மலையாளக் கணக்கில் வருஷப் பிறப்பு. வீட்டுப் பொன்னையெல்லாம் உருளிப் பாத்திரத்தில் பழம், பூவோடு வைத்து, விடியுமுன் கண்ணை மூடிக்கொண்டு வந்து அதன் முன் திறந்து, வருஷத்தின் முதல் காட்சியாகக் கணி காணும் நாள். அட்டிகை எங்கே என்று அவள் புருஷன் யக்ஞநாராயணன் கேட்பார். அவர் கேட்டால் அது கேள்வியோடு நிற்காது.

கவுண்டர் நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். உட்கார வைத்துப் பானகம் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஆறு ரூவா கொறையுதுங்க சாமி."

"குறையாதே! முதல் முந்நூறு, வட்டி மீனம் முடிய. ஆபீஸிலே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேனே!"

"மீனமெல்லாம் உங்க கணக்குங்க. நமக்குப் பங்குனி நேத்தோட முடிஞ்சுதுங்க. இன்னிக்குச் சித்திரை ஒண்ணு. மாசம் பொறந்தா அந்த மாச வட்டி முழுசாச் சேரும்னு அன்னிக்கே சொன்னனுங்களே."

சொன்னார்தான். சில வருஷம் தமிழ் மாதம் ஒரு நாள் முந்திப் பிறக்கும் என்பதும் தாலூக்கா ஆபீஸ் குமஸ்தாவுக்குத் தெரியாததல்ல. பண்டிகைக்குத் தெரிந்திருந்தது, வட்டிக்குத் தோன்றவில்லை. சம்பள பாக்கி முந்தாநாளே கைக்கு வந்தாயிற்று. மீனம் இன்னும் இருக்கிறதே என்று நேற்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய மகானுபாவர் அவர்.

"முழுக்கக் கட்டிட்டேனே, கவுண்டரே!"

"கட்டுனது மொதல்ல வட்டிக்குப் போகுமுங்க. மிச்சந்தான் அசலுக்கு. அசல்ல ஆறு ரூவா நிக்குது."

"அந்த ஆறுக்கும் இனிமே வட்டியா?"

"நின்னா ஓடத்தானுங்க செய்யும்."

ஆறு ரூபாயை நாளையே அனுப்புகிறேன், நகையை மட்டும் கொடுங்கள் என்று லட்சுமிநாராயணன் கெஞ்சினார். கவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வருசப் பொறப்புங்க சாமி. இன்னிக்குப் பாக்கி வெச்சோ, தள்ளிவிட்டோ பொருளைக் குடுத்தா வருசம் பூராக் கடனும் நட்டமுமாவே போகுமுங்க. நாளைக்கு வாங்க. அந்த ஆறு ரூவாயே வேண்டாம், தள்ளிடறனுங்க."

நாளைக்கு! நாளைக்கு அந்த அட்டிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியது. அந்த ஊரில் ஆறு ரூபாய் கைமாற்றுக் கேட்கத் தெரிந்தவர் துணிக்கடை மொய்து ஒருவர்தான். அவரும் சரக்கெடுக்கப் பொள்ளாச்சி போயிருந்தார். மற்றவர்கள் வருஷப் பிறப்பன்று காசைக் கையால் எடுக்கமாட்டார்கள். மடியில் பஸ் சார்ஜ் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கொடுத்து ஏறி உட்கார்ந்தார்.

கல்பாத்தி கோயில் மூலையில், கொன்றைப் பூவை முந்தானையில் ஏந்திக்கொண்டு அபயாம்பாள் நின்றிருந்தாள்.

"அண்ணா, தீர்த்துட்டியா?"

"முழுக்கக் கட்டிட்டேன்."

அவள் முகம் மலர்ந்து கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"அவாளுக்கு இன்னிக்கே வருஷம் பொறந்துடுத்து, அபயம். நாளைக்குத்தான் தருவாளாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"காலம்பற அவர் கண்ணைப் பொத்தி அழைச்சுண்டு வந்து கணிக்கு முன்னாடி நிறுத்தறவ நான்தான், அண்ணா. எப்போ கையை எடுக்கட்டும், சொல்லு."