நாற்பது விநாடி பழைய குரல்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நிலோஃபர் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டாள். கத்தாரில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஷஹ்பாஸ், தன் அறையிலிருந்தே நடத்தும் இணைய வானொலி நிகழ்ச்சி அப்போதுதான் தொடங்கும். அதிராம்பட்டினத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள் அவள். சத்தத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் காது பொறுக்காது. கணினியில் வானொலிச் செயலியின் ஈக்வலைசரைத் திறந்து, அவன் குரலுக்குத் தோதாகத் திருத்திவைத்து, ஹெட்போனில்தான் கேட்பாள்.

அன்று அவனுக்குக் கடுமையான சளி. மூக்கடைத்துப் பேசினான். கூடத் தங்கியிருப்பவர்கள் விடுமுறைத் தூக்கத்தில் இருந்ததால், வழக்கம்போல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரத்தநாட்டில் நடவு தொடங்கிவிட்டதாக ஒரு நேயர் அனுப்பியிருந்ததை வாசிக்கும்போது ‘ணங்’ என்று ஒரு சத்தம். கால் கேஸ் சிலிண்டரில் இடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு மேலே வாசித்தான்.

அதன் பிறகு குரலுக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. நிலோஃபர் ஈக்வலைசரில் பேஸை முழுவதும் இறக்கினாள். குரல் தகரம்போல் மெலிந்தது. ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றினாள். விடாத சீறல். மைக் கோளாறென்றால் தொடக்கத்திலிருந்தே கேட்டிருக்குமே. இது சிலிண்டரில் இடித்த பிறகு வந்தது.

“ஒரு பாட்டு கேட்டுக்கிட்டிருங்க. நான் ஒரு டீ போட்டுக்கிட்டு வந்துடுறேன்” என்றான் ஷஹ்பாஸ்.

அவள் போனை எடுத்தாள். செயலியில் வருவது நாற்பது விநாடி பழைய குரல். அங்கே அவன் இந்நேரம் எழுந்து அடுப்பருகே போயிருப்பான்.

அவன் எண்ணுக்கு அடித்தாள். நிகழ்ச்சி நேரத்தில் போனை ஊமையாக்கிவிடுகிறவன்; எடுக்கவில்லை. அண்ணன் முறையில் அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் அவன் அறைத்தோழர் நெய்னா முகம்மதுவை அழைத்தாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். தூக்கக் கலக்கத்தில் யார் என்று கேட்டார்.

“காக்கா, நிலோஃபர் பேசுறேன். கிச்சன்ல கேஸ் கசியுது. அடுப்பப் பத்தவைக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ஓடுங்க.”

கட்டில் கிறீச்சிட்டது. கதவை யாரோ தட்டும் ஓசை கேட்டது. இணைப்பு அறுந்தது.

ஹெட்போனில் பாட்டு தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நெய்னாவின் போன் அணைந்திருந்தது. ஷஹ்பாஸின் போனும் அப்படியே. கையில் போனோடு அறைக்குள் நடந்தாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள். மாமியாரிடம் சொல்லலாமா என்று வாசல்வரை போய், என்னவென்று சொல்வது எனத் தெரியாமல் திரும்பினாள்.

பதினோரு நிமிடம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஷஹ்பாஸ்தான். எல்லோரும் போன்களை அணைத்து உள்ளேயே போட்டுவிட்டுக் கைலியோடு தெருவில் நிற்பதாகச் சொன்னான். ரெகுலேட்டரிலிருந்து குழாய் கழன்றிருந்ததாம். காவலாளி வந்து சிலிண்டரை மூடினாராம்.

“டீச் சட்டியக் கழுவி வச்சிட்டு லைட்டரக் கையில எடுத்துட்டேன் நிலோ. எனக்கு வாசனையே தெரியல.”

 

“இனிமே அங்க உக்காராதீங்க” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி நெய்னா வேலைக்கு ஓட்டும் வேனுக்குள்ளிருந்து வந்தது. முழு நேரமும் ஹாரன் சத்தம். நிலோஃபர் ஒரு குறையும் சொல்லவில்லை.